பிரேக்குல ஏர் எடுத்த கதை

கொல்லிமலைக்கு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே ஏறினோம், நானும் என் காலேஜ் தோஸ்த்தும். இறங்கும்போது எண்ணல. எண்ணுற நிலைமையில இல்ல.

அடிவாரத்துக்கு இன்னும் பத்துப் பதினைஞ்சு வளைவு பாக்கி இருக்கும்போது முன் பிரேக் லிவரைப் பிடிச்சா, அது பஞ்சு மூட்டையை அமுக்கின மாதிரி நேரா வந்து ஹேண்டில்பாரைத் தொட்டுச்சு. பிரேக் பிடிக்கல. பின்னாடி ஒருத்தன் உட்கார்ந்து "மாப்ள, அருவி செமயா இருந்துச்சுல்ல"ன்னு பேசிக்கிட்டு இருக்கான். எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது. பின் பிரேக் (டிரம்முங்கோ) மேல ஏறி நின்னு, கியரை ஒவ்வொண்ணா குறைச்சு, மலைப்பக்கம் ஓரமா இருந்த ஜல்லிக் குவியல்ல கொண்டு போய் வண்டியைச் சொருகினேன். முட்டி சிராய்ப்பு, அவன் செல்போன்ல ஒரு கீறல். அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் பள்ளம். அதைப் பத்தி இப்பவும் ரொம்ப யோசிக்கிறது இல்ல.

இதுல பாருங்க, காமெடி இனிமேதான். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, வண்டியை மெதுவா உருட்டிக்கிட்டு காரவள்ளி வந்து டீ குடிச்சுட்டு லிவரைப் பிடிச்சுப் பார்த்தா... கல்லு மாதிரி நிக்குது! ஒரு குறையும் இல்ல. மறுநாள் நாமக்கல்ல மெக்கானிக்கிட்ட காட்டினா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு "பிரேக் நல்லாத்தானே இருக்குங்"ன்னுட்டார். நம்ம தொழில்ல இதுக்குப் பேரு உண்டு. கஸ்டமர் இடத்துல மட்டும் வெடிக்கும், நம்ம மெஷின்ல போட்டுப் பார்த்தா ஒழுங்கா ஓடும். அந்த வகை பக்.

வண்டி 2016 மாடல், செகண்ட் ஹாண்ட்ல வாங்கினது. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் எல்லாம் கிடையாது. ஒழுங்கா சர்வீஸ் விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கேன்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். இன்ஜின் ஆயில் மாத்துவாங்க, செயினுக்கு எண்ணெய் விடுவாங்க, தண்ணியடிச்சுக் கழுவித் தருவாங்க. நாலு வருஷத்துல பிரேக் ஆயிலைப் பத்தி அவங்களும் பேசினது இல்ல, நானும் கேட்டது இல்ல.

பதில் வீட்டுலதான் இருந்துச்சு. எங்க அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். நாமக்கல்ல இது அதிசயம் இல்ல, தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. நான் கதையைச் சொல்லி முடிச்சதும் கேட்ட முதல் கேள்வி: "எந்த கியர்ல இறங்குன?"

நியூட்ரல்ல. பெட்ரோல் மிச்சம் ஆகுமே... :-(

அவர் திட்டல. ரெண்டு விஷயம் சொன்னார். "ஏறுன கியர்லதான் இறங்கணும் கண்ணு." இது ஒண்ணு. ரெண்டாவதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். "லாரியில காத்து இறங்குனா வண்டி நகராது. உன் வண்டியில காத்து ஏறுனா வண்டி நிக்காது. நான் டிஸ்க் வேணாம்னு சொன்னதுக்கு அதான் காரணம்."

ஒரு வரியில எவ்வளவு பெரிய விஷயம்! இதைத் தோண்டிப் பார்க்கலாம்னு உட்கார்ந்ததுல ஒரு வாரம் ஆபீஸ் ஆணி எல்லாம் அப்படியே நின்னு போச்சு. தோண்டினதை உங்ககிட்ட கொட்டிடறேன்.

கதை பாஸ்கல்ல ஆரம்பிக்குது. ஆமா, பத்தாம் கிளாஸ்ல நெட்டுரு போட்டோமே, அதே ஆளு. பிரான்ஸ்காரர் பிளெய்ஸ் பாஸ்கல், 39 வயசுல 1662-ல செத்துப் போனார். திரவங்களைப் பத்தி அவர் எழுதி வச்சிருந்த புத்தகம் அடுத்த வருஷம், 1663-ல வெளிவந்துச்சு. மூடின பாத்திரத்துல தண்ணி. அதுல ரெண்டு வாய், ஒண்ணு சின்னது, இன்னொண்ணு அதைவிட நூறு மடங்கு பெருசு. ரெண்டுக்கும் பொருத்தமா ஒரு அடைப்பு. சின்ன வாயில ஒரே ஒரு ஆள் அழுத்தினா, பெரிய வாயில நூறு பேர் அழுத்துற அழுத்தத்தைத் தாங்கி நிக்கலாம்னு சொன்னார். நாம பரீட்சைக்கு எழுதின விதியோட சாரம் இதுதான்.

உங்க வண்டியில இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கணக்குப் போடுவோம். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 12 மி.மீ. விட்டம், கேலிபர் பிஸ்டன் 36 மி.மீ.ன்னு வச்சுக்குங்க. விட்டம் மூணு மடங்கு, அப்ப பரப்பு ஒன்பது மடங்கு. லிவரே ஒரு நெம்புகோல், அது ஒரு அஞ்சு மடங்கு தரும். ரெண்டு விரலால 4 கிலோ அளவுக்கு அழுத்தினா மாஸ்டர் சிலிண்டர்ல 20 கிலோ, கேலிபர்ல 180 கிலோ. ரெண்டு விரலுக்கு மூணரை மூட்டை சிமெண்டுக்கும் மேல!

ஆனா எதுவும் சும்மா கிடைக்காது. பலம் ஒன்பது மடங்குன்னா தூரம் ஒன்பதுல ஒரு பங்கு. லிவர் பக்கம் பிஸ்டன் 9 மி.மீ. நகர்ந்தாத்தான் கேலிபர்ல 1 மி.மீ. நகரும். அதனால குழாய்க்குள்ள இருக்குறது அமுங்காத சமாச்சாரமா இருக்கணும். திரவம் அமுங்காது. காத்து அமுங்கும். சின்னதா ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் நீங்க குடுக்குற அந்தக் கொஞ்ச தூரத்தை அதுவே தின்னுடும். லிவர் ஹேண்டில்பாரைத் தொடும், பேட் டிஸ்க்கைத் தொடாது. அப்பா சொன்ன "காத்து ஏறுனா நிக்காது" இதுதான்.

பாஸ்கல் சொன்னதைக் காசாக்கினவர் இங்கிலாந்துல ஜோசப் பிராமா. 1795-ல ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு காப்புரிமை வாங்கினார். ஒரே ஒரு தலைவலி, ஒழுகல். பிஸ்டனைச் சுத்தி இறுக்கி அடைச்சா நகராது, தளர்த்தினா ஒழுகும். அதுக்குத் தீர்வு கண்டது அவர் பட்டறையில வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேன்னு சொல்றாங்க. கிண்ணம் மாதிரி வளைச்ச ஒரு தோல் வளையம். உள்ளே அழுத்தம் ஏற ஏற, கிண்ணத்தோட உதடு தானா விரிஞ்சு சுவரோட ஒட்டிக்கும். அழுத்தம் போனதும் தளர்ந்துடும். உங்க மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டினா இன்னிக்கும் உள்ளே இருக்குறது அதே கிண்ணம்தான், தோலுக்குப் பதிலா ரப்பர்.

மாட்ஸ்லே 1797-ல சம்பள உயர்வு கேட்டிருக்கார். முதலாளி முடியாதுன்னுட்டார். மனுஷன் வெளியே வந்து சொந்தமா பட்டறை போட்டு, இங்கிலாந்தோட மிகப் பெரிய இயந்திர மேதைகள்ல ஒருத்தர் ஆயிட்டார். அப்ரைசல் சீசன்ல இருக்குறவங்க கவனத்துக்கு. ஹிஹி.

சரி, வண்டிக்கு வருவோம். ஆரம்பகால கார்கள்ல எல்லாம் கம்பியும் கேபிளும்தான். பெடலை மிதிச்சா கம்பி இழுக்கும், சக்கரத்துல பட்டை இறுகும். நாலு சக்கரத்துக்கும் கம்பி போட்டா நாலும் ஒரே அளவுக்கு இழுக்கணும், இல்லேன்னா வண்டி ஒரு பக்கமா ஒடிச்சு இழுத்துட்டுப் போகும். எண்ணெய்க்கு இந்தப் பிரச்சினையே இல்ல. பாஸ்கல் சொன்ன மாதிரி எல்லா வாய்க்கும் ஒரே அழுத்தம்.

இதை அமெரிக்காவுல கையில எடுத்தவர் மால்கம் லாக்ஹெட். அண்ணன் தம்பிகளோட சேர்ந்து ஏரோப்ளேன் கட்டினவர். 1919 வாக்குல ஏரோப்ளேனை விட்டுட்டு பிரேக் விக்கக் கிளம்பிட்டார். குடும்பப் பேரை ஊர்க்காரங்க எழுத்தைப் பார்த்துத் தப்புத் தப்பாப் படிக்கிறாங்கன்னு கம்பெனிப் பேரோட எழுத்தையே மாத்தி வச்சார். அப்புறம் 1926-ல அவர் தம்பி ஆலன் புதுசா ஏரோப்ளேன் கம்பெனி ஆரம்பிச்சப்போ அதே எழுத்தை எடுத்துக்கிட்டார். அதாவது போர் விமானத்துக்குப் பேர் போன லாக்ஹீட்ங்கிற பேரு, பிரேக் கம்பெனியிலேருந்து போனது!

1921-ல டூசன்பெர்க் கம்பெனி நாலு சக்கரத்துலயும் ஹைட்ராலிக் பிரேக் வச்ச காரைக் கொண்டு வந்துச்சு. அதே வருஷம் பிரான்ஸ்ல லெ மான் ஊர்ல நடந்த கிராண்ட் பிரீயில டூசன்பெர்க் ரேஸ் காரை ஓட்டி ஜிம்மி மர்ஃபின்னு ஒரு அமெரிக்கர் ஜெயிச்சார். அதுலயும் ஹைட்ராலிக் பிரேக்தான். 1924-ல வால்டர் கிரைஸ்லர் தன் பேர்ல விட்ட முதல் காருக்கு லாக்ஹீட் பிரேக்கை எடுத்துக்கிட்டார். ஆனா அதுலயும் மறுபடி பிராமாவோட பழைய தலைவலி. தோல் கிண்ணம் ஒழுகுது. கிரைஸ்லர் இன்ஜினியர்கள் தோலைத் தூக்கிட்டு ரப்பர் கிண்ணம் போட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் சாமானியன் நம்பி மிதிக்கிற பிரேக் ஆச்சு.

எல்லாரும் நம்பிட்டாங்களான்னா, இல்ல. ஹென்றி ஃபோர்டு 1938 மாடல் வரைக்கும் கம்பி பிரேக்கை விடவே இல்ல. 1939 மாடல்லதான் எண்ணெய்க்கு மாறினார். கம்பின்னா பெடல்லேருந்து சக்கரம் வரைக்கும் இரும்பு. கண்ணால பார்க்கலாம், கையால தொடலாம். எண்ணெய்? எங்கே ஒழுகுதுன்னு யாருக்குத் தெரியும்? எங்க அப்பா பேச்சு அப்படியே ஃபோர்டு பேச்சு. நான் முதல்ல ரெண்டு பேரையும் சேர்த்துப் பழைய காலத்து ஆளுங்கன்னுதான் நினைச்சேன். அந்த நினைப்பை அப்புறம் மாத்திக்கிட்டேன், அது கடைசியில.

இப்ப எண்ணெய்க்கு வருவோம். ஆரம்பகால பிரேக் ஆயில் என்ன தெரியுமா? ஆமணக்கு எண்ணெய்! நம்ம விளக்கெண்ணெயேதான், ஆல்கஹால் கலந்தது. ரப்பரைக் கெடுக்காது, நல்லா வழுக்கும். ஆனா குளிர்ல கெட்டியாகும், ஆல்கஹால் சீக்கிரம் கொதிக்கும். கூடவே எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கிற பழைய சமாச்சாரம். எப்படியோ உள்ளே போற ஈரம் தனிச்சொட்டா தேங்கி, தாழ்வான இடத்துக்கு, அதாவது சூடு அதிகமா இருக்குற சக்கரப் பக்கத்துக்குப் போய் உட்காரும். துருப்பிடிக்க வைக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கும்.

அதுக்கு மாத்தா வந்ததுதான் கிளைக்கால் வகை. நாம வாங்குற டாட் 3, டாட் 4 எல்லாம் அந்த ஜாதி. இது தண்ணியைத் தனக்குள்ளேயே கரைச்சு வச்சுக்கும். தனிச்சொட்டாத் தேங்க விடாது. நல்லதுதானே? நல்லதுதான். ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு. ஈரத்தைக் காத்துலேருந்தும் ரப்பர் ஹோஸ் வழியாவும் இழுத்துக்கிட்டே இருக்கும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாதுன்னு அமெரிக்கத் தரவிதி சொல்லுது. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்த பிறகு அது 140 டிகிரி இருந்தாலே போதும்ங்குது. டாட் 4-க்கு 230-லேருந்து 155. நூத்துக்கு நாலு பங்குகூட இல்ல தண்ணி, ஆனா 60, 70 டிகிரி காணாமப் போகுது!

என் பக் கிடைச்சிருச்சு. நாலு வருஷமா மாத்தாத எண்ணெய், அதுக்குள்ள கரைஞ்ச தண்ணி. நியூட்ரல்ல இறங்குனதால இன்ஜின் கொஞ்சமும் பிடிச்சு நிறுத்தல, மொத்தப் பாரமும் முன் டிஸ்க்ல. டிஸ்க் சூடாகி, பேட் சூடாகி, கேலிபருக்குள்ள எண்ணெய் கொதிச்சு ஆவியாச்சு. ஆவியும் காத்து மாதிரிதான், அமுங்கும். லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுச்சு. அரை மணி நேரம் ஆறினதும் ஆவி திரும்ப திரவமாச்சு, லிவர் கல்லு மாதிரி ஆச்சு. டீக்கடையிலயும் மெக்கானிக்கிட்டயும் ஒண்ணும் தெரியாததுக்குக் காரணம் இதான். ஆறின வண்டி பொய் சொல்லும்ங்க.

டிஸ்க் பிரேக் வந்த கதையும் சொல்லிடறேன். இதுக்கு 1902-லேயே இங்கிலாந்துல ஃபிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா தகட்டைப் பிடிக்க அவர் வச்சது செம்பு. அது போட்ட கீச்சுச் சத்தத்துல யாரும் கிட்ட வரல. அரை நூற்றாண்டு டிரம்தான் ராஜா. டிரம்முக்கு ஒரு பிறவிக் குணம்: சூடானா விரிஞ்சு, உள்ளே இருக்குற ஷூவை விட்டு விலகும். டிஸ்க் சூடானா தடிச்சு, பேடை நோக்கி வரும். அது போக டிஸ்க் வெளியே காத்துல நிக்குது, சீக்கிரம் ஆறும்.

1953-ல மறுபடி அதே லெ மான். 24 மணி நேரப் பந்தயம். டன்லப் டிஸ்க் பிரேக் வச்ச ஜாகுவார் சி-டைப் ஜெயிச்சுது. அந்தப் பந்தயத்துல மணிக்கு 100 மைல் சராசரியைத் தாண்டினது அதுதான் முதல் தடவை. இத்தனைக்கும் வேகமாப் போனதைவிட, வளைவுக்குப் பக்கத்துல போய்த் தாமதமா பிரேக் பிடிக்க முடிஞ்சதுதான் பெரிய லாபம். 1955-ல சித்ரோன் டிஎஸ் கார்ல முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டு பெரிய எண்ணிக்கையில வித்தாங்க.

அதே 1955, ஜூன் 11. அதே லெ மான். மைக் ஹாதார்னோட ஜாகுவார் பிட்டுக்குள்ள போறதுக்காக பிரேக் பிடிச்சு வேகம் குறைக்க, பின்னாடி வந்த லான்ஸ் மேக்லினோட கார் விலக, அதுக்கும் பின்னாடி வந்த பியர் லெவெக்கோட மெர்சிடிஸ் மோதிப் பறந்து கூட்டத்துக்குள்ள விழுந்துச்சு. ஓட்டினவரோட சேர்த்து 80 பேருக்கும் மேல செத்தாங்க. ஜாகுவார்ல டிஸ்க். மெர்சிடிஸ்ல டிரம், கூடவே காத்தைத் தடுக்க முதுகுல ஒரு மூடி. இதுக்கு ஒரே காரணம்னு எதையும் சொல்லிட முடியாது, பாதையோட குறுகலும் அதுல ஒண்ணு. ஆனா ஒரே ரோட்டுல ஓடுற வண்டிகள் நிக்கிற தூரம் வேற வேறயா இருந்தா என்ன ஆகும்ங்கிற கேள்வி எனக்கு அதுலேருந்துதான் வந்துச்சு. பஸ்ஸுக்கு முன்னாடி புகுந்து சடன் பிரேக் அடிக்கிறவங்க கொஞ்சம் யோசிங்க சாமி.

ரெண்டு சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது 1960கள்ல. லாம்பிரெட்டா டிவி 175 ஸ்கூட்டர்ல 1962-ல முன் டிஸ்க் வந்துச்சு, ஆனா இழுத்தது கேபிள். எண்ணெய் டிஸ்க்கைப் பரவலாக்கினது ஹோண்டா சிபி750. 1968 டோக்கியோ கண்காட்சியில காட்டி, 1969-ல விற்பனைக்கு வந்துச்சு. டிஸ்க் இன்னும் சோதனை முடியல, டிரம்மே போட்டுடலாமான்னு தலைமை இன்ஜினியர் தயங்கினப்போ, டிஸ்க்தான்னு அடிச்சுச் சொன்னவர் முதலாளி சோய்ச்சிரோ ஹோண்டா.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. மெட்ராஸ் என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி 1980கள்ல ஜெர்மனியோட சுன்டாப் வண்டியை வச்சு ஃபியூரி 175ன்னு ஒரு பைக் விட்டாங்க. முன்னாடி பிரெம்போ ஹைட்ராலிக் டிஸ்க்! அந்தக் காலத்து இந்தியாவுல அது பெரிய புதுமை. பிரேக்குக்குன்னே சென்னை பாடியில பிரேக்ஸ் இந்தியா 1962-லேயே டிவிஎஸ் குடும்பமும் இங்கிலாந்து லூகாஸும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பிச்சது. 2019 ஏப்ரல்லேருந்து 125 சிசிக்கு மேல விக்கிற எல்லா பைக்குக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆயிடுச்சு. என் வண்டி அதுக்கு முந்தினது.

இப்ப அப்பாவோட வரிக்கு வர்றேன். "காத்து இறங்குனா நகராது." ரயிலுக்கு 1869-ல ஏர் பிரேக் கொண்டு வந்தவர் அமெரிக்காவுல ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். முதல் டிசைன்ல காத்து தள்ளினா பிரேக் பிடிக்கும், குழாய் அறுந்தா பிரேக் போச்சு. 1872-ல மனுஷன் அதை அப்படியே தலைகீழாத் திருப்பிட்டார். குழாயில அழுத்தம் இருக்குற வரைக்கும் பிரேக் விட்டு நிக்கும், அழுத்தம் இறங்கினா தானா பிடிச்சுக்கும். பெட்டி அறுந்துக்கிட்டாலும் நின்னுடும். இப்ப ஓடுற லாரியில பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் பிரேக் இருக்கே, அதுவும் இதே யோசனைதான். ஸ்பிரிங் எப்பவும் பிடிக்கப் பார்க்கும், காத்து அதைத் தடுத்து வச்சிருக்கும்.

எண்ணெய் பிரேக் அப்படி இல்ல. கெட்டா, சும்மா இருந்துடும். அதுக்குக் கார்காரங்க கண்ட வழி ரெண்டா பிரிக்கிறது. 1962 மாடல் காடிலாக்ல மாஸ்டர் சிலிண்டரை ரெண்டு பாதியாக்கினாங்க, ஒண்ணு ஒழுகினா இன்னொண்ணு இருக்கும். பைக்ல முன்னும் பின்னும் பொறந்ததுலேருந்தே தனித்தனி. அன்னிக்கு என்னைக் காப்பாத்தினது அதுதான், அந்தப் பழைய டிரம்.

சனிக்கிழமை நானே மாத்தலாம்னு இறங்கினேன். இன்ஜினியர் இல்லையா? :-) புது டாட் 4 டப்பா, 8 நம்பர் ஸ்பேனர், மீன் தொட்டிக் கடையில வாங்கின டிரான்ஸ்பரன்ட் டியூப், ஒரு பழைய பாட்டில். லிவரை அமுக்கு, நிப்பிளைத் திற, பழசு வெளியே வரும், நிப்பிளை மூடு, லிவரை விடு. இவ்வளவுதான் அல்காரிதம். வெளியே வந்தது சுக்குக் கஷாயம் நிறம். அந்த நிறத்தை ரசிச்சுக்கிட்டே மேல டப்பாவுல எண்ணெய் தீர்ந்ததைக் கவனிக்கல. உள்ளே காத்து போயிருச்சு. அதுவரைக்கும் நல்லா இருந்த லிவர் செத்தே போச்சு. டேங்க் மேல ஒரு சொட்டு விழுந்ததைத் துடைக்காம விட்டதுல, அந்த இடத்துல பெயின்ட் வேற உரிஞ்சு வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில அப்பா காபியைக் கீழே வச்சுட்டு, ஒரு பலகையைப் போட்டு முன் சக்கரத்துக்கிட்ட உட்கார்ந்தார். டேங்க் மேல ஈரத்துணி போட்டார். "நீ மேல பாத்துக்க. நான் புடின்னா புடி. நான் மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் விட்றாதே. விட்டா திரும்ப காத்தை இழுத்துக்கும்."

"புடி."

"புடிச்சிட்டேன்ப்பா."

டியூப்ல குமிழி வரிசையா வந்துச்சு. "மூடிட்டேன். விடு." நான் விடுறேன். மூணு தடவைக்கு ஒரு தடவை டப்பாவுல எண்ணெய் ஊத்துறேன். குமிழி மேல ஏறப் பார்க்கும், நாம அதைக் கீழே தள்ளுறோம், அதனால பொறுமை வேணும்னு சொல்லி ஸ்பேனர் பிடியால ஹோஸைத் தட்டிக்கிட்டே இருந்தார்.

ஒரு பத்தாவது தடவை இருக்கும். தலையை நிமிராமலேயே சொன்னார். "தொப்பூர்ல எனக்கு ஒருக்கா ஆயில் ஹோஸ் வெடிச்சிருச்சு. அப்ப எல்லாம் ஆயில் பிரேக் வண்டிதான். லோடு முழுசா இருந்துச்சு. மலைப்பக்கம் அணைச்சு உரசித்தான் நிறுத்துனேன். கிளீனர் பையனுக்குக் கால் போயிருச்சு. உன்னைவிடச் சின்ன வயசு."

எனக்கு 28 வயசு ஆகுது. இதை நான் கேட்டதே இல்ல. அம்மாவுக்குத் தெரியுமான்னுகூடக் கேட்கத் தோணல.

"மொதநாள் ராத்திரி ஹோஸ்ல கசிவு இருந்ததை நான் பாத்தேன். ஊருக்குப் போய் மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "புடி"ன்னார்.

புடிச்சேன்.

அப்பாவையும் ஃபோர்டையும் ஒரே தட்டுல வச்சது தப்புன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஃபோர்டுக்கு எண்ணெய் மேல சந்தேகம். அப்பாவுக்குச் சந்தேகம் எண்ணெய் மேல இல்ல, நம்ம மேல. கேபிள் பிரேக் தளர்ந்துக்கிட்டே வரும், நட்டைத் திருகி இறுக்குவோம், தினமும் ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கும். எண்ணெய் நாலு வருஷம் சத்தமே போடாம வேலை செய்யும், சத்தமே போடாம தண்ணி குடிக்கும். பாஸ்கல்லேருந்து ஹோண்டா வரைக்கும் அத்தனை பேரு சேர்ந்து நம்ம விரலுக்கு 180 கிலோ பலம் குடுத்திருக்காங்க. பதிலுக்கு நம்மகிட்ட கேட்குறது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன டப்பா எண்ணெய், ஒரு மணி நேரம். அதைக்கூடக் குடுக்காம நியூட்ரல்ல இறங்கினவன் நான்.

இருபது இருபத்தஞ்சு தடவைக்கு அப்புறம் குமிழி நின்னுச்சு. டியூப்ல இளம் மஞ்சள் நிறத்துல சுத்தமான எண்ணெய். அப்பாவுக்குத் திருப்தி இல்ல. லிவரை இழுத்து ஹேண்டில்பாரோட கயித்தால கட்டி வச்சுட்டு "ராத்திரி கிடக்கட்டும், மிச்சம் மீதி மேல வந்துரும்"ன்னார். காலையில கயித்தை அவுத்து ரெண்டு தடவை அமுக்கினா டப்பாவுல பொடிசா ரெண்டு குமிழி மேல வந்துச்சு. லிவர் பாதி தூரத்துல கல்லு மாதிரி நின்னுச்சு.

தெருவுல மெதுவா ஓட்டி, அஞ்சாறு தடவை பிரேக் அடிச்சுப் பார்த்துட்டு வந்து நிறுத்தினேன். அப்பா தானும் ஒரு தடவை லிவரைப் பிடிச்சுப் பார்த்தார். நிப்பிளை விரலால தடவி ஈரம் இருக்கான்னு பார்த்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து பின்னாடி ஏறி உட்கார்ந்தார். இந்த வண்டி வாங்கின நாளிலேருந்து அவர் அதுல உட்கார்ந்தது இல்ல.

"எங்கப்பா போகணும்?"

"மார்க்கெட் வரைக்கும். மெதுவாப் போ."

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு வீட்டுல செய்யறவங்களுக்கு மூணு விஷயம். மேல டப்பாவுல எண்ணெய் தீர விடாதீங்க. டப்பா மூடியில என்ன டாட் நம்பர் போட்டிருக்கோ அதையே ஊத்துங்க, திறந்து வச்ச பழைய பாட்டில் வேணாம். ஏபிஎஸ் இருக்குற வண்டின்னா உள்ளே காத்து போன பிறகு நீங்களா நோண்டாம, அதுக்கான கருவி இருக்குற இடத்துக்குக் கொண்டு போயிடுங்க. எல்லாத்துக்கும் மேல, ஏறுன கியர்ல இறங்குங்க.